ஆதாமுக்கு இல்லாத அதிகாரம்

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) வகுப்பில் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்துக்கு வந்துவிட்டால் பிள்ளைகளைக் கட்டுப்படுத்த முடியாது. ஆதாம் எல்லா மிருகங்களுக்கும் பேர் வைத்தார் என்று சொல்லி முடிப்பதற்குள், கொசுவுக்கும் அவர்தானா, டைனோசருக்கும் அவர்தானா என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வருடம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, அப்போ ஏலியனுக்கு யாரு பேரு வைப்பா?" என்று கேட்டான். டீச்சரம்மா அவனை அதட்டி உட்காரவைத்தார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஆயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செமினரி நூலகத்தின் கடைசி அலமாரியில், ஏதோ ஒரு மிஷனரி விட்டுப்போன அறிவியல் புனைகதைகளைத்தான் தேர்வு நாட்களில் ஒளித்துவைத்துப் படித்தேன். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை. பையனுடைய கேள்விக்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பதில் ஆதாமுக்குச் சாதகமானது அல்ல.

கதை எழுதுகிறவர்கள் வேற்றுக்கிரகத்தாருக்குப் பேர் வைக்கும் லட்சணத்தை முதலில் பார்த்துவிடலாம். எச்.ஜி.வெல்ஸ் ரொம்ப மெனக்கெடவில்லை. 1898-இல் செவ்வாயிலிருந்து வந்தவர்கள் செவ்வாய்க்காரர்கள். 1901-இல் நிலவில் இருப்பவர்களுக்குக் கிரேக்க நிலாத் தேவதை செலீனின் பேரை ஒட்டி செலனைட். ஊர்ப்பேரைச் சொல்லி ஆளைக் கூப்பிடுகிற நம் வழக்கம்தான். 'ஸ்டார் டிரெக்' தொடரின் கிளிங்கான்களுக்கு, அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியோடு லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் வேலை பார்த்த கிளிங்கன் என்ற அதிகாரியின் பேர் போனது. 'டாக்டர் ஹூ'வின் டாலெக்குகளுக்கு எங்கிருந்து பேர் கிடைத்தது என்று கேட்டவர்களிடம், கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றின் முதுகில் டால் முதல் லெக் வரை என்று போட்டிருந்ததைப் பார்த்து வைத்தேன் என்று டெரி நேஷன் சொல்லிவந்தார். அதுவும் கட்டுக்கதைதான் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். 1987-இல் 'ஸ்டார் டிரெக்' அறிமுகப்படுத்திய ஃபெரங்கிகளைப் பார்த்தால் தமிழனுக்குச் சிரிப்பு வரவேண்டும். லாபம் ஒன்றே வேதமாகக் கொண்ட வியாபாரக் கூட்டம் அது. பேர் ஃபரங்கி என்ற கிழக்கத்திச் சொல்லிலிருந்து வந்தது. நம் பறங்கியும் பறங்கிமலையும் பறங்கிக்காயும் அதே வேர்தான். கப்பலில் வந்து இறங்கிய வேற்றுக்கிரகவாசிகளுக்கு நம் ஆட்கள் வைத்த பேர், சுற்றிச் சுற்றி ஹாலிவுட்டில் போய் இறங்கியிருக்கிறது.

இவையெல்லாம் விளையாட்டு. வினையான பேர்களும் உண்டு.

அர்சுலா லெ குவினின் 'தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்' 1972-இல் வந்த குறுநாவல். பூமியில் மரம் தீர்ந்துபோய், காடே உலகமாக இருக்கும் ஒரு கிரகத்துக்கு மரம் வெட்டப் போகிறார்கள். அங்கே ஒரு மீட்டர் உயரத்தில், உடம்பெல்லாம் பச்சை ரோமத்தோடு ஓர் இனம் வாழ்கிறது. அவர்கள் தங்கள் உலகத்தை ஆத்ஷி என்கிறார்கள். வந்தவர்கள் அதை நியூ டஹீட்டி என்கிறார்கள். அந்த மக்களுக்கு முகாமில் வழங்கும் பேர் கிரீச்சி. பிராணி என்ற ஆங்கிலச் சொல்லை நசுக்கிச் செய்தது. டேவிட்சன் என்ற கேப்டன் அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஒரு பக்கம்கூடத் தாண்டுவதில்லை என்று படும். அடிப்பதும் வேலை வாங்குவதும் கொல்லுவதும் அவனுக்குக் குற்றமாகவே தெரியவில்லை. கிரீச்சியைக் கொன்றால் கொலையா என்ன? 2009-இல் வந்த 'டிஸ்ட்ரிக்ட் 9' படத்தில் ஜோஹன்னஸ்பர்க் சேரியில் அடைத்துவைத்திருக்கும் வேற்றுக்கிரகத்தாரை இறால் என்று ஏசுகிறார்கள். ஆர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்' நாவலில் பூச்சி போன்ற எதிரிகளுக்கு பக்கர் என்று பேர். ஒரு சிறுவனைக் கொண்டு அந்த இனத்தையே அழித்து முடித்த பிறகுதான், அவர்களுக்குப் புத்தியும் துக்கமும் உண்டு என்று தெரியவருகிறது. பின்னாள் புத்தகங்களில் ஃபார்மிக் என்ற மரியாதையான பேர் வந்தது. செத்த வீட்டுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்த மரியாதை.

இங்கேதான் எனக்கு ஆதாம் ஞாபகத்துக்கு வருகிறார். மிருகங்களுக்குப் பேர் வைத்த பகுதியை மனிதனின் அதிகாரத்துக்குச் சாட்சியாகவே நாங்கள் பிரசங்கம் பண்ணிப் பழகிவிட்டோம். நானும் பண்ணியிருக்கிறேன். ஆனால் அந்த வசனங்களை முன்னும் பின்னும் சேர்த்து வாசித்தால் விஷயம் வேறு. மனுஷன் தனியாக இருப்பது நல்லதல்ல என்று தேவன் சொல்கிறார். உடனே மிருகங்களைக் கொண்டுவருகிறார். ஆதாம் ஒவ்வொன்றுக்கும் பேர் வைக்கிறான். கடைசியில் அவனுக்கு ஏற்ற துணை அவற்றில் இல்லை என்று அந்தப் பகுதி முடிகிறது. அதாவது பேர் வைத்தது துணை தேடிய வேலையின் ஒரு பாகம். வைக்கப்பட்ட ஒவ்வொரு பேரும், நீ எனக்கு ஈடில்லை என்று சொன்ன தீர்ப்பு. யானைக்கு அந்தத் தீர்ப்பால் நஷ்டம் ஒன்றுமில்லை, அது பதில் சொல்லப்போவதில்லை. பதில் சொல்லத் தெரிந்த ஒருவருக்கு அதே முறையில் பேர் வைத்தால் என்ன ஆகும்?

அப்படி வைத்த கதையும் வேதத்தில் இருக்கிறது. தானியேலையும் மூன்று நண்பர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனதும் முதல் வேலையாகப் பேரை மாற்றினார்கள். தானியேல் பெல்தெஷாத்சார் ஆனான். மற்ற மூவரின் பேரையும் எந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்லும்: சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ. மூன்றும் பாபிலோன்காரன் வைத்தவை. அனனியா, மீஷாவேல், அசரியா என்று தாய் தகப்பன் வைத்த பேர்களைச் சொல்லும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. அக்கினிச் சூளையிலும் விழுந்து வணங்காத அந்த மூன்று பேரை, வணங்கச் சொன்னவனின் அதிகாரி வைத்த பேரால்தான் இன்றுவரை கூப்பிடுகிறோம்.

எங்கள் வீட்டிலும் இது நடந்ததுதான். என் தாத்தா மாடசாமியாகப் பிறந்து மாசிலாமணியாகச் செத்தவர். ஞானஸ்நானத் தொட்டியருகே அவரிடம் பேர் கேட்டார்களா, கையில் கொடுத்தார்களா என்று ஆச்சியிடம் ஒருமுறை கேட்டேன். "தொர வச்ச பேரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். இன்னும் பெரிதாகவும் நடந்தது. கால்டுவெல் ஐயர் 1849-இல் எங்கள் பக்கத்துச் சமூகம் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். 1856-இல் வந்த அவருடைய ஒப்பிலக்கணத்துக்கு முன்னால் தலைவணங்குகிறவன் நான். ஆனால் அந்தச் சிறு நூலை, அதில் எழுதப்பட்ட மக்களே படித்தார்கள். படித்துக் கொதித்தார்கள், மறுப்பு எழுதினார்கள். நூலின் தலைப்பில் இருக்கும் சமூகப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. 1921 குடிமதிப்பின்போது அரசாங்கமே அதைக் கைவிட்டு நாடார் என்று எழுதத் தொடங்கியது. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் வாசிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வைக்கிற பேர்தான் கிரீச்சியும் பக்கரும்.

திருச்சபைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ராக்கெட் வருவதற்கு முன்பே வேற்று இனத்தார் வந்துவிட்டார்கள், ஊர்க்கதை வடிவத்தில். நாய்த்தலை மனிதர்கள், ஒற்றைக்காலையே குடையாகப் பிடிக்கிற மனிதர்கள் எல்லாம் கிழக்கே இருக்கிறார்கள் என்று ஐரோப்பா நம்பியது. அந்தக் கிழக்கில் நாமும் அடக்கம். இவர்கள் ஆதாமின் சந்ததியா என்று புனித அகுஸ்தீன் 'இறைவனின் நகரம்' பதினாறாம் புத்தகத்தில் கேட்டுக்கொள்கிறார். அவர் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில், அப்படி ஓர் இனம் இருப்பதாகச் சொல்வதையெல்லாம் நம்பவேண்டிய கட்டாயமில்லை. இருந்தால், அது பகுத்தறிவும் சாவும் உள்ள பிறவியாக இருந்தால், உருவமும் நிறமும் குரலும் எப்படி இருந்தாலும் ஆதாமின் பிள்ளைதான். ஒன்பதாம் நூற்றாண்டில் வடதேசத்து மிஷனரி ரிம்பர்ட், நாய்த்தலையரைப் பற்றிக் கார்பி மடத்துத் துறவி ராத்ரம்னுஸைக் கேட்கிறார். ராத்ரம்னுஸ் தலையைப் பார்க்கவில்லை. அவர்கள் ஊராகச் சேர்ந்து வாழ்கிறார்களா, பயிர் செய்கிறார்களா, வெட்கப்பட்டு உடுத்துகிறார்களா, ஆடுமாடு வளர்க்கிறார்களா என்று பார்த்தார். ஆம் என்று கேள்விப்பட்டதால், மனிதர்தான் என்று எழுதினார். கிழக்குத் திருச்சபையின் சில பழைய ஓவியங்களில் புனித கிறிஸ்தோபருக்கே நாய்த்தலை இருக்கும். புனிதர் பட்டத்துக்குத் தலை தடையில்லை.

இதே சபைதான் கொலம்பஸ் இந்தியர் என்று தவறாகப் பேர் வைத்த மக்களுக்கு ஆத்துமா உண்டா என்று தடுமாறவும் செய்தது. அவர்கள் மெய்யான மனிதர்கள், அடிமைப்படுத்தக் கூடாது என்று போப் மூன்றாம் பவுல் 1537-இல் ஆணையே போடவேண்டியிருந்தது. போட்டும் 1550-இல் வல்லாதோலித் நகரத்தில் அந்த மக்களுக்காக லாஸ் காசாஸும் எதிராகச் செபுல்வேதாவும் அதைத்தான் வாதாடினார்கள்.

அகுஸ்தீன் கொடுத்த பதிலில் ஒரு முடிச்சு இருக்கிறது. அவருக்கு உறவு என்றால் ஆதாம் வழி உறவு. வேறு நட்சத்திரத்தில் பிறந்தவன் ஆதாம் வழியில் வந்திருக்க முடியாது. அப்படியானால் அவனுக்கும் எனக்கும் பொதுவாக என்ன பேர்? வாத்திகன் வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஹோசே கபிரியேல் ஃபூனெஸ் 2008-இல் கொடுத்த பேட்டியில் வேற்றுக்கிரகத்தாரையும் சகோதரர் என்று சொல்லத் தயாராக இருந்தார். அடுத்துத் தலைவரான கை கான்சோல்மேக்னோ, ஏலியனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பீர்களா என்ற கேள்வியையே 2014-இல் ஒரு புத்தகத்துக்குத் தலைப்பாக்கினார். நல்ல மனசுதான். என்றாலும் சகோதரன் என்றால் ஒரு தகப்பன் வேண்டும், மனிதன் என்றால் ஓர் ஆதாம் வேண்டும். 1991-இல் வந்த ஆறாவது 'ஸ்டார் டிரெக்' படத்தில் ஒரு விருந்துக் காட்சி. மனித உரிமை என்று பூமிக்காரர் ஒருவர் பெருமையாகப் பேசுகிறார். அஸெட்பர் என்ற கிளிங்கான் பெண் உடனே பிடித்துக்கொள்கிறாள். அந்தப் பேரிலேயே எங்களுக்கு இடமில்லையே என்பது அவள் கேள்வி. மேசையில் ஒருவருக்கும் பதில் இல்லை. எங்கள் இறையியலிலும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

அந்த இடத்தில் ஒரு சொல்லைப் போட்டவர் சி.எஸ்.லூயிஸ். 1938-இல் வந்த அவருடைய 'அவுட் ஆஃப் தி சைலண்ட் பிளானட்' நாவலில் ரான்ஸம் என்ற மொழியியல் பேராசிரியரை இரண்டு பேர் செவ்வாய்க்குக் கடத்திக்கொண்டு போகிறார்கள். தப்பி ஓடியவர் ஒரு நீர்க்கரையில் கறுப்பாக, நீர்நாய் மாதிரியான ஒரு பெரிய பிராணியைப் பார்க்கிறார். பயத்தில் விறைத்து நிற்கும்போதே அது எழுப்பும் சத்தம் பேச்சு என்று அவருக்குப் பிடிபடுகிறது. பிடிபட்டதும் பயம் பின்னுக்குப் போய், இந்த மொழிக்கு இலக்கணம் எழுதலாமே என்று ஆசை முந்துகிறது. வாத்தியார் புத்தி! பிராணி தன்னைத் தொட்டு ஹ்ராஸ் என்கிறது. அவர் தன் மார்பில் அடித்து மேன் என்கிறார். அது இரண்டு மூன்று முறை முயன்று ஹ்மேன் என்கிறது. சிப்பிக் கிண்ணத்தில் அவருக்குக் குடிக்கவும் கொடுக்கிறது. இந்தக் காட்சியை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஒருவர் மற்றவருக்குப் பேர் வைக்கவில்லை. இரண்டு பேரும் தங்கள் பேரைச் சொன்னார்கள், மற்றவர் சொன்னதைத் தன் நாக்குக்கு வந்தபடி திருப்பிச் சொன்னார்கள். முடிந்தது.

அந்தக் கிரகத்தில் புத்தியுள்ள இனம் மூன்று. கவிதை பாடும் ஹ்ரோஸா, உயரமான அறிவாளிகள் ஸெரோனி, கைவேலைக்கார ஃபிஃப்ள்ட்ரிக்கி. மூவரில் யார் ஆளுகிறவர் என்று ரான்ஸம் குடைந்து குடைந்து கேட்கிறார். ஒருவரும் இல்லை என்ற பதிலே அவருக்குப் புரிய நாளாகிறது. மூன்று இனத்தையும் சேர்த்துச் சொல்ல அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: ஹ்னாவ். பேசவும் நினைக்கவும் தெரிந்த எந்தப் பிறவியும் ஹ்னாவ். உருவம் கணக்கில்லை, வம்சம் கணக்கில்லை. ரான்ஸமும் ஹ்னாவ் என்று அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அகுஸ்தீன் ஆதாமில் கட்டிவைத்த முடிச்சை லூயிஸ் இந்த ஒரு சொல்லால் அவிழ்த்துவிட்டார் என்பது என் எண்ணம். அவர் கிறிஸ்தவத்தை விட்டுவிடவும் இல்லை. ஹ்னாவ் எல்லாரையும் உண்டாக்கியவர் ஒருவரே என்று நாவல் சொல்கிறது. பொதுவானது படைத்தவர், பாட்டன் அல்ல.

கார்டும் இந்த இடத்துக்கு வந்தார். 1986-இல் வந்த 'ஸ்பீக்கர் ஃபார் தி டெட்' நாவலில் அந்நியரை வரிசைப்படுத்த ஸ்வீடிஷ் சாயலில் ஒரு படிக்கட்டே கட்டினார். வேறு ஊர்க்காரன், வேறு உலகத்து மனிதன், வேறு இனமானாலும் மனிதனாக ஏற்கத்தக்க ராமன், பேசிப் புரிந்துகொள்ளவே முடியாத வரெல்சே. (இந்த ராமனுக்கும் அயோத்திக்கும் சம்பந்தமில்லை.) ஓர் இனத்தை ராமன் என்று அறிவித்தால், வளர்ந்தது அந்த இனமல்ல, நம் நியாயம்தான் என்கிறார் கார்ட். கெட்டிக்காரத்தனமான பேச்சு. பலர் இதை லூயிஸுக்கு மேலாகச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். கார்டின் படிக்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் மனிதன்தான். அவன் மனம் திருந்தவேண்டும் என்று கார்ட் கேட்கிறார், நாற்காலியை விட்டு எழுந்திரு என்று கேட்கவில்லை. லூயிஸின் செவ்வாயில் ரான்ஸம் நிற்கிறார், மற்றவர்கள் விசாரிக்கிறார்கள்.

பதில் சொல்லத் தெரிந்தும் பேர் சொல்ல மறுக்கிறவர்களை என்ன செய்வது? யாப்போக்கு ஆற்றங்கரையில் விடிய விடிய ஒருவர் யாக்கோபோடு மல்லுக்கட்டுகிறார். உன் பேர் என்ன என்று யாக்கோபைக் கேட்கிறார். அவன் சொல்கிறான். இஸ்ரவேல் என்று புதுப்பேரும் கொடுக்கிறார். உம்முடைய பேர் என்ன என்று இவன் திருப்பிக் கேட்டதற்கு, ஏன் கேட்கிறாய் என்றதோடு சரி, ஆசீர்வாதம் மட்டும் கிடைக்கிறது. சிம்சோனின் தகப்பன் மனோவா கேட்டபோதும் தூதர் அப்படித்தான் மறுத்தார். ஆதாமின் உரிமை அந்தக் கரையோடு முடிந்துவிட்டது என்றே நான் வாசிக்கிறேன். ஸ்தனிஸ்லாவ் லெம்மின் 'சோலாரிஸ்' 1961-இல் இதை மதம் பேசாமலே சொன்னது. ஒரு கிரகம் முழுவதும் ஒரே கடல், அந்தக் கடல் ஏதோ ஒரு விதத்தில் நினைக்கிறது. அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் அலைக்கோலங்களுக்கு மிமாய்ட், சிமெட்ரியாட் என்று பேர் வைத்து நூலகத்தையே நிரப்பிவிட்டார்கள். கடல் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ரே பிராட்பரியின் 'தி ஃபயர் பலூன்ஸ்' கதையில் பெரக்ரின் பாதிரியார் செவ்வாயின் நீல ஒளிக்கோளங்களுக்காக ஆலயம் அமைத்து, கிறிஸ்துவையே ஒரு கண்ணாடிக் கோளமாகச் செய்துவைக்கிறார். அவர்கள் வந்து, உடம்பையும் பாவத்தையும் எப்போதோ கழற்றிவிட்டோம், உங்கள் ஊராருக்குக் கட்டிக்கொள்ளுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஊழியத்தில் இருந்த காலத்தில் அந்தக் கதையை வாசித்துவிட்டு அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

நம் புராணக்காரர்கள் இதில் எவ்வளவோ தேவலை. பதினெண் கணங்கள் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். அதில் வரும் கின்னரர் என்ற பேரைப் பிரித்தால் 'என்ன மனிதனோ' என்று வருகிறது. கிம்புருடர் என்பதும் அதே கேள்விதான். தீர்ப்பு எழுதாமல் கேள்வியையே பேராக வைத்து நிறுத்திக்கொண்டார்கள்.

நாக்கில் வராத பேராக இருந்தால் எப்படிக் கூப்பிடுவது, ஏதாவது ஒரு பேர் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். பிரசவ வார்டில் பிள்ளையின் கையில் தாயின் பேரை எழுதிக் கட்டிவிடுகிறார்களே, அப்படி ஒரு பேர் போதும். டெட் சியாங்கின் 1998 கதையில் ஏழு கால் உள்ளவர்களை ஹெப்டபாட் என்கிறார்கள். அவர்களில் இருவருக்கு ஃப்ளாப்பர், ராஸ்பெர்ரி என்று வேலைக்காகப் பட்டப்பேர். கதாநாயகி ஒவ்வொரு நாளும் அவர்கள் எழுத்தைக் கற்றுக்கொண்டே இருப்பதால் அது தப்பாகப் படவில்லை. கட்டிவிட்ட பேரையே ஆயுள் முழுக்கக் கூப்பிட்டால்தான் தப்பு.

எங்கள் ஆராதனை முறையில் ஞானஸ்நானத்தின்போது ஆயர் பேர் வைப்பதில்லை. பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்பார். பெற்றோர் சொன்னதைத்தான் அவர் சொல்லவேண்டும். நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் பேர்களையெல்லாம் நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். கான்சோல்மேக்னோவின் கேள்வி என் முன்னால் வந்து நின்றால் நானும் அதையே கேட்பேன். என்ன பேர் என்று கேட்பேன், வேண்டுமா என்றும் கேட்பேன்.

லெ குவினின் நாவலில் ஆத்ஷிக்காரர்கள் வந்தவர்களை யூமென் என்கிறார்கள். அவர்களும் நாம் சொன்ன பேரைத்தான் தங்களுக்கு வந்தபடி திருப்பிச் சொன்னார்கள். ஒருவரையொருவர் இப்படிக் கொல்லும் யூமென்கள் மனிதர்கள்தானா, பைத்தியமா என்று தங்களுக்குள் விவாதிக்கவும் செய்கிறார்கள். வேற்றுக்கிரகக் கதை எழுதும் தம்பி தங்கையரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் ஏலியனுக்கு, நடுவில் ஓர் ஒற்றை மேற்கோள்குறி போட்ட பேரைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர்கள் நம்மை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை முதலில் எழுதிவிடுங்கள். எழுதியது அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், கண்ணாடி மாற்றியிருக்கிறேன், வாசித்துவிடுவேன்.